நீ அனுப்பிய ஐந்து இலைகள்

புதுக்கோட்டை
மாசி 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. உறை தடிமனாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதும் விசேஷமா, அண்ணன் பத்திரிகை வச்சு அனுப்பியிருக்காரா?" என்று உன் தங்கச்சி கேட்டாள். பிரித்தால் செய்தித்தாள் மடிப்புக்குள் ஐந்து இலைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் எண். எழுத்து உன்னுடையது இல்லை, பேத்தியுடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. அவள் நடைப்பயிற்சிக்குக் கூட வந்து "தாத்தா, இது என்ன மரம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டதையும், உனக்கு வேம்பையும் தென்னையையும் தவிர ஒன்றும் சொல்ல வராமல் போனதையும் எழுதியிருந்தாய். அந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். நாம் இரண்டு பேரும் மரத்தடியிலேயே வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பூவரசில் இலை பறித்துச் சுருட்டி பீப்பி ஊதாத நாள் உண்டா?

முதலில் வீட்டுச் செய்தி. என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஒரு மாதம் ஆகிறது. கட்டு அவிழ்த்த மறுநாள் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு வேம்பு பச்சை மேகம் மாதிரி தெரிந்துகொண்டிருந்தது போய், இலை இலையாகத் தெரிந்தது. வேப்பிலையின் ஓரத்தில் ரம்பப்பல் இருப்பதும், நடுநரம்புக்கு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் அரிவாள்போல வளைந்திருப்பதும் எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் அன்றைக்குக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவனுக்குத் திருச்சியிலேயே வேலை நிரந்தரமாகிவிட்டது. உன் தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அவ்வளவுதான்.

சரி, இலைகளுக்கு வருகிறேன்.

முதல் இலைக்கு நீயே 'அசோகா' என்று எழுதிவிட்டாய். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது நெட்டிலிங்கம். ஈட்டி மாதிரி நீண்டு, ஓரம் முழுக்க அலை அலையாக நெளிந்திருக்கிறது பார். உங்கள் காம்பவுண்டு ஓரமாக ஒல்லியாக, கிளையெல்லாம் கீழே தொங்கிக்கொண்டு, கோபுரம் மாதிரி நிற்கும். அசல் அசோகம் வேறு. அதற்கு ஒரு காம்பில் நாலைந்து ஜோடி இலைகள் வரும், தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும், பூ ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகக் கிளையிலேயே பூக்கும். நெட்டிலிங்கத்தின் பூ பச்சையும் மஞ்சளுமான சின்ன நட்சத்திரம். இலையோடு இலையாக இருப்பதால் பூத்திருப்பதே பலருக்குத் தெரியாது. பழம் பழுத்தால் குயில்கள் வந்து மொய்க்கும்போதுதான் அண்ணாந்து பார்ப்போம். பேத்தியிடம் இந்தப் பெயரைத் திருத்திச் சொல்லிவிடு. சின்ன வயதில் தவறாகப் படிந்த பெயர் லேசில் போகாது.

இரண்டாவது எண்ணில்தான் நீ ஒரு நல்ல பாடத்தை அனுப்பியிருக்கிறாய். நீ வைத்திருப்பது முழு இலை இல்லை, ஒரு இலையிலிருந்து கிள்ளிய துண்டு. மரத்தை அடையாளம் பார்க்கப் போகிறவன் முதலில் பிடிபட வேண்டியது இதுதான்: ஒரு இலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தின் மேல்பக்கத்தில், அந்தக் கக்கத்தில், சின்னதாக ஒரு மொட்டு இருக்கும். மொட்டு இருந்தால் அதுவரை ஒரு இலை. நீ பறித்த துண்டின் அடியில் மொட்டு இருக்காது. இன்னும் கீழே போய்ப் பார்த்தால், ஐந்தோ ஏழோ துண்டுகளை வைத்திருக்கிற நீண்ட காம்பு கிளையைத் தொடும் இடத்தில் மொட்டு இருக்கும். அந்த மொத்தமும் சேர்ந்து ஒரு இலை. பாடப்புத்தகத்தில் கூட்டிலை என்பார்கள், துண்டுகளைச் சிற்றிலை என்பார்கள்.

இதற்கு நேர்மாறு நெல்லி. பார்த்தால் இறகு மாதிரி, புளிய இலை மாதிரி, சின்னச் சின்னச் சிற்றிலைகள் வைத்த கூட்டிலை என்றுதான் தோன்றும். நானும் நெடுநாள் அப்படியே நினைத்திருந்தேன். ஒரு தடவை பூத்த நேரத்தில் குச்சியைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு குட்டி இலையின் கக்கத்திலும் பூ ஒட்டிக்கொண்டிருந்தது. கக்கத்தில் பூ வந்தால் அது துண்டு இல்லை, தனி இலை. அந்த இறகு முழுவதும் ஒரு குச்சி. இலை உதிரும்போது அந்தக் குச்சியும் சேர்ந்தே விழுந்துவிடுவதால்தான் நமக்கு ஏமாற்றம். நெல்லிக்காய் எல்லாம் குச்சியை ஒட்டினாற்போல் காய்ப்பதன் காரணமும் இதுதான். பேத்தியை ஒரு நெல்லி மரத்தடிக்குக் கூட்டிப்போய் இதை மட்டும் காட்டு. புளியங்கொத்து ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள். பத்து நிமிடத்தில் அவளுக்கு விளங்கிவிடும்.

உன் இரண்டாம் எண் புங்கம். துண்டாக இருந்தும் எப்படிச் சொன்னேன் என்றால், அதன் முகத்தில் அம்மை போட்ட மாதிரி கொப்புளங்கள் இருக்கின்றன. கண்ணுக்கே தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் உண்டாக்கும் கழலை அது. நம் ஊர்ப் புங்கங்களில் அது இல்லாத மரம் அபூர்வம். ஆனால் இது நோயை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது மாதிரி, அத்தாட்சி ஆகாது. மரத்தடியில் தட்டையான, கட்டைபோலக் கெட்டியான, ஒரே ஒரு விதை வைத்த காய் கிடந்தால் உறுதி. இப்போது இலை உதிர்த்துக்கொண்டிருக்கும். இன்னும் சில நாளில் கண்ணைப் பறிக்கிற இளம்பச்சையில் தளிர்த்துவிடும். அப்புறம் பூ. விடிகாலையில் தரை முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கொட்டிக் கிடக்கும். சங்கப் புலவர்கள் அதைப் பொரிக்கு ஒப்பிட்டார்கள். நீயும் ஒரு நாள் நடைக்குப் போகும்போது பார், வேறு எதற்கும் ஒப்பிடத் தோன்றாது.

மூன்றாவது இலையைக் கையில் எடுத்ததும் சந்தோஷமாக இருந்தது. கொய்யா இலை மாதிரி நீள்வட்டமாக, விறைப்பாக இருக்கிறது. காம்பும் இலையும் சேருமிடத்தில் கடுகளவு இரண்டு குமிழ் இருக்கிறதா, விரல் நகத்தால் தடவிப் பார். மருது. நீர்மருதா கருமருதா என்று இலையை மட்டும் வைத்துச் சண்டை போடுவதைவிட மரத்தின் தோலைத் தொட்டுப் பார்ப்பது மேல். கருமருதின் பட்டை முதலைத்தோல். கட்டம் கட்டமாக ஆழமாக வெடித்திருக்கும். நீர்மருது வழவழப்பாக வெளுத்திருக்கும், பெரிய பெரிய தகடாக உரியும், உரிந்த இடம் லேசாகச் சிவந்திருக்கும். குளக்கரையில் நிற்கிறது என்று நீ எழுதியிருப்பதால் நீர்மருதாகத்தான் இருக்க வேண்டும். கீழே போன வருடத்துக் காய் கிடக்கும், பொறுக்கு. ஐந்து இறக்கை வைத்த காய் இரண்டுக்கும் உண்டு. ஆனால் நீர்மருதின் இறக்கையில் கோடுகள் மேல்நோக்கி வளைந்து போகும், கருமருதில் நேராகக் குறுக்கே ஓடும். மருதமலை அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு மருது தெரியவில்லை என்று இனி யாரிடமும் சொல்லாதே.

ஐந்தாவது சுலபம். ஒரே கணுவிலிருந்து ஏழு இலை குடை விரித்த மாதிரி. ஏழிலைப்பாலை. ஆறும் எட்டும்கூட வரும். காம்பைக் கிள்ளினால் பால் வடியும். ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி அந்த மரத்தைத் தாண்டிப் போனால் வாசனை தலையைச் சுற்றும். பாலை என்ற பெயரிலேயே நம்மிடம் நாலைந்து மரம் உண்டு. வெப்பாலை, குடசப்பாலை, எங்கள் பக்கத்துக் காட்டில் நிற்கிற உலக்கைப்பாலை. கிள்ளினால் பால் வருவது ஒன்றுதான் இவற்றுக்குப் பொது. உலக்கைப்பாலையின் இலை நுனி உள்ளே குழிந்திருக்கும், அதன் பழம் தித்திக்கும். அது மகிழத்தின் உறவு. வெப்பாலைக்கு முருங்கைக்காய் மாதிரி ஒல்லியான காய் ஜோடியாகத் தொங்கும், நுனியில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். குடசப்பாலைக்கும் ஜோடிக்காய்தான், ஆனால் தனித்தனியாக விலகி நிற்கும்.

நாலாவது எண்ணை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அதற்கு நான் பெயர் சொல்லப் போவதில்லை.

இறகுக்குள் இறகு வைத்த இலை. குல்மோகர் என்கிற மயில்கொன்றையாகவும் இருக்கலாம், மஞ்சளாகப் பூக்கும் இயல்வாகையாகவும் இருக்கலாம். நுனித்தளிரும் காம்பின் அடியும் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். இயல்வாகையின் இளங்கிளையில் துருப்பிடித்த மாதிரி ஒரு பொடிரோமம் இருக்கும். மயில்கொன்றையின் இலையடியில் குட்டி இறகு மாதிரி இரண்டு செதில் நிற்கும். நீ அனுப்பியதில் இரண்டும் இல்லை, நடுத்துண்டு மட்டும் இருக்கிறது. மேலே காய் தெரிந்தால் வேலை முடிந்தது: மயில்கொன்றையின் காய் முழங்கை நீளத்துக்குப் பட்டாக்கத்தி மாதிரி தொங்கும், இயல்வாகையின் காய் விரல் நீளத்தில் செம்புத்தகடு மாதிரி கிளை நுனியில் கொத்தாக இருக்கும். சித்திரையில் பூவும் வந்துவிடும். அதுவரை அந்த எண்ணுக்கு நேரே எதுவும் எழுத வேண்டாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பாய். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு சங்கதி உண்டு.

84-ல் நான் கிராம நிர்வாக அலுவலராக வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊர்ப்பெயர் வேண்டாம். புறம்போக்கில் நிற்கும் மரங்களுக்குக் கணக்கு எழுத வேண்டும். இதே மாசி மாதம். குளத்தங்கரையில் பெரிய மரம் ஒன்று இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. கூட வந்தவர் "வாகைங்க" என்றார். எழுதிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்துப் புயல்காற்றில் மரம் சாய்ந்தது. கணக்கில் வாகை என்று இருந்ததால் வாகை என்றே ஏலம் போட்டார்கள். செக்கு செய்கிற ஆசாரி ஒருவர் கடன் வாங்கி எடுத்தார். வாகை வைரம் பாய்ந்த மரம், செக்குக்கு அதைத் தேடி வாங்குவார்கள். அறுத்துப் பார்த்தால் அவர் எதிர்பார்த்த வைரம் இல்லை. அது தூங்குமூஞ்சி.

அந்தப் பக்கத்தில் தூங்குமூஞ்சி மரத்தைத் தூங்குமூஞ்சி வாகை என்று சொல்வார்கள், சுருக்கி வாகை என்பார்கள். கூட வந்தவர் பொய் சொல்லவில்லை. நான்தான் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு மரத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். ஆசாரி என்னிடம் சத்தம்கூடப் போடவில்லை. "நீங்க எழுதினதை நம்பி எடுத்தேன் சார்" என்றார். அவருக்கு ஆன நஷ்டத்தில் ஒரு பங்கை என் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். முழுவதும் கொடுக்க முடியவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்றைக்கு அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயா, கீழே கிடந்த காயை எடுத்து என் கையில் ஒடித்து வைத்தது. கருப்பாக, தடியாக, உள்ளே பிசுபிசுவென்று வெல்லப்பாகு மாதிரி சதை. விரலெல்லாம் ஒட்டியது, வாசனை இனித்தது. "வாகக்காய் இப்பிடியா இருக்கும்? அது சருகுல்ல?" என்றது. மறுநாள் போய் அசல் வாகை ஒன்றின் அடியில் நின்றேன். இலை ஒன்றுகூட இல்லை. மரம் முழுக்க வைக்கோல் நிறத்தில் தட்டைக் காய்கள். தாள் மாதிரி மெல்லிசு. விதை இருக்கும் இடம் மட்டும் புடைத்திருந்தது. காற்று அடித்தபோது மரம் மொத்தமும் சலசலவென்று கிலுகிலுப்பை ஆட்டியது. இரண்டு மரத்துக்கும் இலையும் ஒரே மாதிரிதான், பொழுது சாய்ந்தால் இரண்டும் இலையை மடித்துக்கொள்ளும். பூ வந்தால் வித்தியாசம் தெரியும்: தூங்குமூஞ்சிக்கு இளஞ்சிவப்புப் பூந்துடைப்பம், வாகைக்கு வெளிறிய பச்சையில் மணக்கிற பஞ்சு. போரில் வென்றவர்கள் சூடிய பூ அது. தூங்குமூஞ்சியோ தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்து வைத்த மரம். பெயரை ஒட்டவைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம்.

அன்றிலிருந்து தான் எனக்கு இந்தப் பழக்கம். ஒரு மரத்தை இலையில் பார்த்தால் பென்சிலில் எழுதுவேன், பூவில் பார்த்தால் அதன்மேல் ஒரு கோடு, காயும் கையில் கிடைத்த பிறகுதான் பேனாவில். சில மரங்கள் மூன்று வருடம் பென்சிலிலேயே இருந்திருக்கின்றன. படித்தவர்களும் இதை இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்கள். 1753-ல் லின்னேயஸ் செடிகளுக்கு இரட்டைப்பெயர் சூட்டியபோது பூவுக்குள் இருக்கும் மகரந்தக் கேசரங்களை எண்ணித்தான் வகை பிரித்தார். நம் மதராஸ் மாகாணத்துச் செடிகொடிகளை 1915-லிருந்து பகுதி பகுதியாக எழுதி வெளியிட்ட கேம்பிளும் பூவையும் காயையும் நம்பித்தான் எழுதினார். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டுக்குள் போனால், முப்பது மீட்டர் உயரத்தில் வருடத்தில் சில வாரம் பூக்கிற பூவை யார் ஏறிப் பார்ப்பது? அதனால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பாஸ்கலும் ரமேஷும் 1987-ல் அந்த மரங்களுக்கு ஒரு கையேடு போட்டார்கள். இலை எதிரெதிரா மாறிமாறியா, பால் வருகிறதா, பட்டை எப்படி என்று கண்முன்னே உள்ளதை வைத்தே தேடிக்கொண்டு போகலாம். நமக்கு அந்தச் சிரமம் இல்லை மாப்பிள்ளை. உன் பூங்கா மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தினமும் நீ அதைத் தாண்டித்தான் நடக்கிறாய். இலையில் பாதி வழி போகலாம், பூவும் காயும் தானாக வரும், நாம் அங்கே இருந்தால் போதும்.

பூவரசையும் அரசையும் பேத்தி குழப்பிக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாயே. இரண்டும் நெஞ்சு வடிவ இலைதான். அரசுக்கு நுனி வால் மாதிரி நீண்டிருக்கும், கிள்ளினால் பால் வரும், குச்சியில் இலை இருந்த இடத்தைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி தழும்பு இருக்கும். ஆல், அத்தி, இச்சி எல்லாவற்றுக்கும் அந்த மோதிரம் உண்டு. இவற்றின் பூவை வெளியே தேடினால் கிடைக்காது. பழம் என்று நாம் சொல்வதற்குள்ளேதான் பூக்கள் அடைந்து கிடக்கும், சின்னக் குளவி ஒன்று உள்ளே போய் மகரந்தம் சேர்க்கும். அத்தி பூத்தாற்போல என்று பெரியவர்கள் சொன்னது அதனால்தான். பூவரசின் பூ எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மஞ்சளாகப் பூத்து, வாடும்போது செக்கச்செவேலென்று மாறும். வால் இல்லாத இலையில் பீப்பி செய்வது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாயா? இல்லையென்றால் அதை முதலில் செய்.

உங்கள் ஊரில் அரப்பு என்று தலைக்குத் தேய்க்கிறார்களே, அது நம் உசிலை. உசிலம்பட்டியின் பெயரில் இருப்பதும் அதே மரம்தான். எங்கள் அய்யனார் கோயில் காட்டில் இன்னும் பத்துப் பதினைந்து நிற்கின்றன. அந்தக் காட்டில் காசா மரமும் உண்டு. ஆடு மேய்க்கிறவர்கள் காசா என்பார்கள், பழைய பாட்டுகளில் வருகிற காயா அதுதான் என்று எனக்குத் தெரியவந்தது ஐம்பது வயதுக்கு மேல். குச்சியை ஒட்டிக் குட்டிக் குட்டியாக நீலப்பூ பூத்திருக்கும்போது பார்க்க வேண்டும். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று பாட்டி சொன்னது எந்த நீலம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பூத்ததும் போன் போடுகிறேன். லீவு இருந்தால் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா.

அடுத்த தடவை இலை அனுப்பும்போது ஒற்றை இலையாகக் கிள்ளாமல், கணுவோடு ஒரு சாண் குச்சியாக ஒடித்து வை. கீழே விழுந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் கவரில் போடாதே, பூஞ்சை பிடித்துவிடும். இந்தத் தடவை மாதிரியே செய்தித்தாளில் மடித்து, மேலே ஒரு நாள் கனமான புத்தகம் வை. கிள்ளினால் பால் வந்ததா, கசக்கினால் என்ன வாசனை, பட்டை எப்படி, இந்த மூன்றையும் பேத்தியையே எழுதச் சொல், காய்ந்த பிறகு இலையில் இது எதுவும் தெரியாது. நாலாவது எண் மரத்தடியில் காய் கிடக்கிறதா என்று நாளைக் காலையிலேயே பார். கிடந்தால் ஒன்று அனுப்பு. என் நோட்டில் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

தங்கச்சி உங்கள் இரண்டு பேரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உன் மூட்டுவலிக்குப் படியேறுவதைக் குறை.

அன்புடன்,
உன் மச்சான்